எண்டோமென்ட் பெரிதாக இருந்தால் நல்ல கல்லூரியா? – கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை. எண்டோமென்ட் என்பது நன்கொடைப் பணத்தை முதலீடு செய்து, அசலைக் கரைக்காமல் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் எடுத்துச் செலவிடும் நிதி.

கேள்வி: சார், ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறதாம். பணம் அதிகமுள்ள பத்து கல்லூரிகளுக்கு மட்டும் என் மகள் விண்ணப்பித்தால் போதுமா?

பதில்: மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024 கணக்கில் பிரின்ஸ்டனிடம் சுமார் 3,400 கோடி டாலர், மாணவர்கள் 9,000 சொச்சம், அதாவது ஆளுக்கு 37 லட்சம் டாலர். மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 1,900 கோடி இருந்தாலும் அங்கே படிப்பவர்கள் 50,000 பேருக்கு மேல், ஆளுக்கு 4 லட்சம்கூட வராது. அயோவாவில் கிரின்னல் என்று ஒரு சின்னக் கல்லூரி, சுமார் 1,700 பேர்தான், கையில் 200 கோடிக்கு மேல்! இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் அங்கே படித்தவர், வாரன் பஃபெட் அறங்காவலராக இருந்தவர், இன்டெல் தொடங்கியபோதே அதில் பணம் போட்ட கல்லூரி அது.

கேள்வி: ஆளுக்கு அவ்வளவு இருந்தால் ஃபீஸ் குறையுமா?

பதில்: அறிவித்த கட்டணம் குறையாது. உங்களுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதுதான் கேள்வி, அது நிதியுதவிக் கொள்கையைப் பொறுத்தது. பிரின்ஸ்டன் 2001இலேயே உதவித்தொகையில் கடனை நீக்கிவிட்டு முழுக்க மானியமாக மாற்றியது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சிலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமல்தான் இடம் கொடுக்கிறார்கள், கொடுத்தபின் தேவைப்படும் உதவியை முழுசாகத் தருகிறார்கள். சென்னையில் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது உள்ளூர் தனியார் கல்லூரியைவிட மலிவாகக்கூட முடியலாம், ஆனால் இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. மற்ற கல்லூரிகளில் பெரும்பாலும், உதவி கேட்டாலே வெளிநாட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பு குறையும்.

கேள்வி: அதை எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா?

பதில்: கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள், கல்லூரிகள் ஒரே படிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் எச்6 என்ற பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். தரவரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: கோடிக்கணக்கில் வைத்துக்கொண்டே சில கல்லூரிகள் ஏன் பஞ்சப்பாட்டு பாடுகின்றன?

பதில்: நம் கோயில் கட்டளை மாதிரிதான். பங்குனி உத்திரத்துக்கு எழுதிவைத்த நிலத்தின் குத்தகையில் மதில் கட்ட முடியாது. ஹார்வர்டின் நிதியிலேயே சுமார் 80 சதவீதம் இப்படி நோக்கம் குறித்துக் கொடுக்கப்பட்டது. 2015இல் வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் கல்லூரி, 8 கோடி டாலருக்கு மேல் நிதி இருந்தும் மூடப்போவதாக அறிவித்தது, பெரும்பகுதி தொட முடியாத பணம். பழைய மாணவிகள் வழக்குப் போட்டு, பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். சந்தை விழுந்தாலும் அடி உண்டு: 2008 சரிவுக்குப் பிறகு ஹார்வர்ட் நிதி ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கரைந்தது, விடுதிகளில் சூடான காலைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தினார்கள். (அவ்வளவு பணக்காரக் கல்லூரி கைவைத்தது முட்டையில்!)

கேள்வி: புது வரியால் உதவித்தொகை குறையுமா?

பதில்: 2017இல் பணக்காரக் கல்லூரிகளின் முதலீட்டு வருமானத்துக்கு 1.4 சதவீத வரி வந்தது. 2025 சட்டம் அதை ஆளுக்கு எவ்வளவு நிதி என்பதைப் பொறுத்து 8 சதவீதம் வரை உயர்த்தியது. பிரின்ஸ்டன், யேல், எம்ஐடி மேல்படியில் வருகின்றன. 3,000 மாணவருக்குக் குறைவான கல்லூரிகளுக்கு விலக்கு, ஆகவே கிரின்னலும் ஆம்ஹர்ஸ்டும் தப்பின. உதவித்தொகையைக் கடைசியாகத்தான் வெட்டுவார்கள் என்பது என் கணிப்பு, புதுக் கட்டடங்கள், ஆள் சேர்ப்புதான் முதலில் நிற்கும்.

கேள்வி: என் தம்பி எம்எஸ் போகிறான். அவனுக்கும் இது பொருந்துமா?

பதில்: அநேகமாக இல்லை. எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் முழுக் கட்டணம்தான். பிஎச்டி என்றால் பேராசிரியரிடம் ஆய்வு நிதி எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.