லண்டனில் கவுன்சில் போட்ட பார்க்கிங் டிக்கெட்டைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

தொகை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கூடுகிறது, அதனுடன் நமது எந்த உரிமை பறிபோகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கடிதங்களை வாசித்து விளக்கச் சொல்லி என்னிடம் வரும் அயலவர்களின் பைகளில் பிரிக்கப்படாத கவுன்சில் உறைகளை அடிக்கடி காண்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் முதல், லண்டனின் உயர் கட்டணப் பகுதிகளில் கடுமையான விதிமீறலுக்கு 160 பவுண்டு விதிக்கிறார்கள். 14 நாள்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு போதும். அந்த 14 நாள்களுக்குள் ஆட்சேபித்து எழுதினால், கவுன்சில் அதை மறுத்தாலும் பாதிக் கட்டணச் சலுகையைப் பெரும்பாலும் மீண்டும் தரும். 28 நாள்கள் கடந்ததும், வாகனப் பதிவில் பெயர் உள்ளவருக்கு உரிமையாளர் அறிவிப்பு வரும். சலுகை போய்விட்டாலும், முறைப்படி ஆட்சேபிக்கவும், கவுன்சில் மறுத்தால் லண்டன் டிரிபியூனல்ஸ் என்ற தீர்ப்பாயத்துக்குக் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யவும் அப்போது வழியுண்டு. அந்த அறிவிப்புக்கும் 28 நாள்களுக்குள் பதில் இல்லையென்றால், தொகை ஒன்றரை மடங்காகி 240 பவுண்டைத் தொடும். அதன்பின் டிக்கெட் சரியா தவறா என்ற வாதத்துக்கே இடமில்லை. மரக்கிளை மறைத்த அறிவிப்புப் பலகை, காருக்குள் நழுவி விழுந்த மாற்றுத்திறனாளி அட்டை என்று நியாயமான காரணம் உள்ளவர்களும் அதைச் சொல்லாமலே தோற்றுப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிறகு 14 நாள்களில் கட்டாவிட்டால், நார்த்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவு செய்து 10 பவுண்டு சேர்ப்பார்கள். அதற்கும் 21 நாள்களில் பதில் இல்லையென்றால், கடனை வசூலிக்கும் ஆணை, பெய்லிஃப் எனப்படும் கடன் வசூல் அதிகாரியின் கைக்குப் போகும். 2014-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தபடி, அவர் கடிதம் அனுப்பும் கட்டத்துக்கே 75 பவுண்டு, வீட்டு வாசலுக்கு வந்தால் மேலும் 235 பவுண்டு. ஆக, 80 பவுண்டில் தீர்ந்திருக்க வேண்டியது 560 பவுண்டாகிறது. காரை எடுத்துச் சென்று விற்கும் நிலை வந்தால் இன்னும் 110 பவுண்டும், காரை நிறுத்தி வைத்த செலவும் தனி. பார்க்கிங் கடனுக்காக அவர் கதவை உடைத்து வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது உண்மைதான். ஆனால் தெருவில் நிற்கும் உங்கள் காருக்குப் பூட்டுப் போட முடியும்.

வீடு மாறியவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றினால் வாகனப் பதிவு ஆவணமான லாக் புக்கிலும் தானாக மாறிவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லையெனில் கடிதங்களெல்லாம் பழைய வீட்டுக்கே போகும், முதலில் நேரில் வந்து தெரிவிப்பவர் பெய்லிஃபாகவே இருப்பார். உரிமையாளர் அறிவிப்பு உண்மையிலேயே உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், டிஇ9 படிவத்தில் அதை வாக்குமூலமாகத் தரலாம். காலக்கெடு கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தை டிஇ7 படிவத்தில் சேர்த்து அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் கூடிய தொகை ரத்தாகும். பொய் எழுதினால் அது குற்றம்.

"குப்பையில் போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்ற அறிவுரை, சூப்பர் மார்க்கெட் வளாகங்களில் தனியார் நிறுவனங்கள் தரும் டிக்கெட்டுகளைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் பரவியது. வாகனப் பதிவில் பெயர் உள்ளவரிடமே தனியார் நிறுவனங்கள் பணம் கேட்க வழிசெய்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், அப்படியொரு நிறுவனம் விதித்த 85 பவுண்டுக் கட்டணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் அளித்த தீர்ப்புக்கும் பிறகு அதுவும் பொருந்தாது. தனியார் நிறுவனம் வழக்குப் போட்டு, நீங்கள் பதில் தராமல் தீர்ப்பு வந்து, ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால், அது கடன் பதிவேட்டில் 6 ஆண்டுகள் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கப் போகும்போதுதான் அதன் கனம் தெரியும். வழக்குப் படிவம் வந்தால் 14 நாள்களுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவியுங்கள். எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள்கள் கிடைக்கும்.