அம்மாவின் வலக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அம்மாவுக்குப் புற்றுநோயால் வலது மார்பை அகற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் இப்போது இல்லை என்கிறார் மருத்துவர். ஆனால் வலக்கை வீங்கிக்கொண்டே வருகிறது. பழைய ரவிக்கைகள் கையில் ஏறுவதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாதென்று உறவினர்கள் தடுக்கிறார்கள். உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கெல்லாமா வருந்துவது என்கிறார்கள். இதற்கு மேல் நான் கேட்பது பேராசையா?

ம., தேனி

அன்புள்ள ம.,

பேராசை அல்ல. உறவினர்கள் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் உங்கள் அம்மாவின் வாயை அடைத்துவிடுகிறது. கை கனக்கிறது என்று சொன்னால் நன்றியற்றவராகத் தெரிவோமோ என்றெண்ணி, மருத்துவரிடமும் அவர் அதைச் சொல்லாமலேயே திரும்பியிருக்கக் கூடும்.

அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் (திசுக்களிலிருந்து வடியும் நீரான நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுப்பதால், கையிலிருந்து நிணநீர் வடிந்து செல்லும் வழி குறுகி, நீர் அங்கேயே தேங்குகிறது. அக்குள் கணுக்களைப் பெரும்பாலும் நீக்கியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. நோய் திரும்பியதாலோ இரத்தக் குழாய் அடைப்பாலோ வந்த வீக்கம் அல்ல என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்தக் கையால் கனமான வேலை எதையும் செய்ய விடாமல் காப்பது பழைய அறிவுரை. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை, பலர் சேர்ந்து செலுத்தும் நீண்ட டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்விலும், சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. கையின் வலு கூடியது. அவர்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்து, பயிற்சியாளரின் மேற்பார்வையில் தொடங்கியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே நாளைக்கே குடத்தைத் தூக்கச் சொல்லாதீர்கள். இந்த வீக்கத்தை அறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கையை அளந்து, பொருத்தமான உறை வாங்கி, அவர் சொல்லும் பயிற்சியிலிருந்து தொடங்கட்டும். சமையலில் சூடு படுவது, நகச்சுற்று போன்ற சிறு புண்கள்கூட அந்தக் கையில் ஆகாது; கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கல்யாணத்துக்குப் போகாததற்குக் கை மட்டும்தான் காரணமா என்று நீங்கள் எழுதவில்லை. பல பெண்கள் உள்ளே துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அது நழுவிவிடுமோ என்ற அச்சத்திலேயே முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு துன்பத்துக்குத் தேவையே இல்லை. பஞ்சு, சிலிகோன் எதில் செய்த செயற்கை மார்பானாலும், அதை வைக்க உள்பக்கம் ஒரு பையும், வலப்பக்கக் கை மட்டும் தாராளமாகவும் வைத்து, பழகிய தையற்காரம்மா ஒரே நாளில் ரவிக்கை தைத்துவிடுவார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கையில் ஏறாத அந்தப் பழைய ரவிக்கை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்த வேலை முடியவில்லை என்பதை அம்மாவே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் பக்கத்தில் இருங்கள்.