கேளுங்க அண்ணாச்சி: வரி கட்டுதோம், கால்வாய் ஏன் நாறுது?

கேள்வி: அண்ணாச்சி, நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில 2022-ல வீட்டு வரிய ஏத்துனாங்க, ஸ்மார்ட் சிட்டின்னு கோடி கோடியா வந்துச்சுன்னும் சொல்லுதாங்க. ஆனா பாளையங்கால்வாய் ஓரமா மூக்கப் பொத்திக்கிட்டுதான் நடக்க வேண்டியிருக்கு. காசெல்லாம் எங்கதான் போகுது?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: நீங்க கேக்கது நியாயம்தான். மாநகராட்சிக்கு வார பணம் எல்லாம் ஒரே பணம் இல்ல, அதுலதான் விஷயமே இருக்கு. 2017-ல நம்மூர மத்திய அரசோட நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல சேத்தாங்கல்லா, அதுல மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு 500 கோடின்னு கணக்கு. அது திட்டத்துக்குன்னு ஒதுக்குன பணம். அத வச்சு பஸ் ஸ்டாண்டு கட்டலாம், மார்க்கெட் கட்டலாம், கட்டுன பொறவு மாசாமாசம் வார கரண்ட் பில்லு, மோட்டார் ரிப்பேரு, தூய்மைப் பணியாளர் சம்பளம் இதெல்லாம் மாநகராட்சியோட சொந்த வருமானத்துலயும் மாநில அரசு குடுக்கிற பங்குலயும்தான் ஓடணும். சொந்த வருமானம்னா முக்கியமா சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை இதெல்லாம்தான். நாம கடையில குடுக்கிற ஜிஎஸ்டி நேரா டெல்லிக்கும் சென்னைக்கும்தான் போகுது.

சாக்கடைய எடுத்துக்கோங்க. பாளையங்கோட்டையில ஒரு வீட்டுக் கழிவுத்தண்ணி ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரணும்னா பம்பிங் ஸ்டேஷன்ல மோட்டார் ஓடி, தாமிரபரணி ஆத்தத் தாண்டி அந்தப் பக்கம் தள்ளணும். மோட்டார் நின்னா, இல்ல அந்த வீட்டுக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலைன்னா, தண்ணி பள்ளத்தத் தேடித்தான போகும், அந்தப் பள்ளம்தான் பாளையங்கால்வாய். பழவூர் அணைக்கட்டுல இருந்து வயலுக்குப் பாய வெட்டுன கால்வாய் அது, அதுல சாக்கடை ஓடுதத பாக்கையில வயிறு எரியுது. 2024 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரை கிளை நீதிபதிகள் ரெண்டு பேரு நேர்லயே வந்து தாமிரபரணியில கழிவுநீர் கலக்குத இடங்களப் பாத்துட்டுப் போனாங்க, அந்த அளவுக்கு ஆயிட்டு நிலைமை. என்னக் கேட்டா, இருக்கிற குழாயும் மோட்டாரும் வருஷம் பூரா ஓடுறதுக்கு பட்ஜெட்ல பணம் எடுத்து வச்ச பொறவுதான் புதுசா எதுக்கும் அடிக்கல் நாட்டணும்.

கேள்வி: அதுக்காக ஒரேயடியாவா வரிய ஏத்துவாங்க?
- வாசகி, பெருமாள்புரம்

பதில்: 2008-க்குப் பொறவு பத்து வருஷம் ஏத்தவே இல்லக்கா. 2018-ல ஏத்துனாங்க, மறுவருஷமே நிறுத்தி வச்சுட்டாங்க. பதினஞ்சாவது நிதிக்குழு (மத்திய அரசு பணத்த மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எப்படிப் பிரிக்கணும்னு சொல்லுத குழு) மானியம் வேணும்னா சொத்து வரிய ஒழுங்குபடுத்தணும்னு கண்டிஷன் வந்ததும், 2022-ல 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம்னு ஏத்திட்டாங்க. வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது, ஓட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டதுக்கு பென்ஷன்காரங்க மொத்தமா கஷ்டப்பட்டாங்க, அது தப்புதான். ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் அந்தந்த மாசத்துக்குள்ளயே கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அத விட்டுராதீங்க.

கேள்வி: மேயர்ட்ட கேக்கணுமா, கமிஷனர்ட்ட கேக்கணுமா?
- வாசகர், பேட்டை

பதில்: பட்ஜெட்டும் தீர்மானமும் 55 வார்டு கவுன்சிலர்களும் மேயரும் பாக்கது, அத நடத்திக் காட்ட வேண்டியது கமிஷனர். ஆனா 2016 அக்டோபர்ல இருந்து 2022 வரைக்கும் தேர்தலே நடக்கல, அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலே கிடையாது. ஸ்மார்ட் சிட்டி வேல பெரும்பகுதி ஆரம்பிச்சது அந்தக் காலத்துலதான், கேள்வி கேக்க வார்டுல ஆளில்ல. பொறவு கவுன்சில் வந்துச்சு, 2024 ஜனவரியில சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே மேயர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டாந்து, கூட்டத்துக்கு யாரும் வராம அது விழுந்து, ஜூலையில அவரு ராஜினாமா பண்ணி, ஆகஸ்ட்ல வேற மேயர் வந்தாரு. அந்தச் சண்டையில வீணாப்போன மாசமெல்லாம் நம்ம மாசம்.

கேள்வி: சரி அண்ணாச்சி, நாங்க என்னதான் செய்யணும்?
- வாசகி, தச்சநல்லூர்

பதில்: 2022 நவம்பர் 1-ல இருந்து நகரத்துலயும் பகுதி சபா கூட்டம் வந்துட்டு, கிராமத்துல கிராமசபை மாதிரி. அதுக்கு ஆள் போறதே இல்ல, போங்க. செவ்வாய்க்கிழம மாநகராட்சியில குறைதீர் கூட்டமும் உண்டு. போகையில "சாக்கடை நாறுது"ன்னு மட்டும் எழுதாதீங்க. எங்க வார்டுல எத்தன வீட்டுக்கு பாதாள சாக்கடை கனெக்‌ஷன் இருக்கு, பம்பிங் ஸ்டேஷன் மோட்டார் கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு, போன வருஷம் பராமரிப்புக்கு ஒதுக்குனது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இதையெல்லாம் தெருக்காரங்க நாலஞ்சு பேரு கையெழுத்தோட கேளுங்க. மனு குடுத்ததுக்கு ரசீது வாங்காம வந்துராதீங்க. பதில் வரலைன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்க, 30 நாளுக்குள்ள சொல்லியாகணும். வந்த பதில எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, அடுத்த இதழ்லயே போடுதேன்.