டிபி மாத்திரை சாப்பிடும்போது கண் மங்கினால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். மூன்றாம் மாதத்தில் கண் மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் ஏறக்குறைய அப்போதுதான் ஆரம்பித்தது.

பாம்பனில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவன் நான். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்போம், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். 2023இல் ஒரு விடியற்காலை, எந்த மீனைத் தூக்கினாலும் செவுள் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கினேன். "இப்பத்தான் கரைக்கு வந்த மீனு, இதப் போயி பழசுங்கிறியே தம்பி" என்று ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். மறுநாள் வீட்டில் தக்காளிப் பழமும் காயும் ஒன்றுபோலத் தெரிந்தபோதுதான் கோளாறு என் கண்ணில் என்று புரிந்தது.

பக்கத்தில் ஒரு டாக்டர், "நாற்பது தாண்டியாச்சு, கண்ணாடி போடுங்க" என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டிபி என்று தெரிந்தால் என்னிடம் யார் மீன் வாங்குவார்கள் என்ற பயம். கண்ணாடியோடு மூன்று வாரம் வீணாகப் போனது.

அப்புறம் மதுரைக்குப் போனேன். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது. 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை தீவில் இருக்கிற நோயாளி, கர்ப்பிணி எல்லோரும் மண்டபம் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். எங்கள் அலைச்சலைக் கேட்க ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் கலர் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அதற்கப்புறம் வெறும் புள்ளிதான். எத்தாம்புடால் என்ற மருந்து கண் நரம்பைப் பாதித்திருக்கிறது என்றார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, இரண்டிலும் இது உண்டு. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இது உடம்பில் தங்கி ஆபத்தைக் கூட்டுமாம். டிபி டாக்டர் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரச் சொன்னார். நோய் முழுசாகக் குணமானது. சிவப்பு திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. இடது கண்ணில் நடுவே இன்னும் லேசான மங்கல் இருக்கிறது.

மாத்திரை மேல் பயத்தைக் கிளப்புகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். என்னை எழுப்பி உட்காரவைத்ததே அந்த மாத்திரைதான். கண் பாதிப்பு சிலருக்குத்தான் வரும். ஆனால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே என்று சொல்லி அனுப்பியவர்கள் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே உங்கள் டிபி டாக்டரிடம் போங்கள். கண் டாக்டரிடமும் டிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.