கைப்பிடியின் விலையும் பிளேடின் விலையும்: கேள்வி-பதில்

சவர ரேசர் வாங்குவது பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கி, இந்த வாரம் ஒன்றாகத் தருகிறேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக மூன்று பிளேடு காட்ரிட்ஜ் ரேசரைப் பயன்படுத்துகிறேன். நான்கு காட்ரிட்ஜ் (கைப்பிடியில் மாட்டும் பிளேடுத் தொகுப்பு) கொண்ட பாக்கெட் 720 ரூபாய். ஒன்றை மூன்று வாரம் வைத்துக்கொள்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். 1,600 ரூபாய்க்கு ஒரு பித்தளை ரேசர் பார்த்து வைத்திருக்கிறேன். கட்டுப்படியாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்டுப்படியாகும். உங்கள் கணக்குப்படி ஒரு காட்ரிட்ஜ் 180 ரூபாய். ஆண்டுக்குப் பதினேழு தேவைப்படும் என்பதால் 3,060 ரூபாய் செலவாகிறது. அந்தப் பித்தளை ரேசரில் போடும் இரட்டை முனை பிளேடு ஒன்றை நான்கு சவரத்துக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 46 பிளேடு வேண்டும். ஒரு பிளேடு ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 230 ரூபாய்தான் ஆகும். ரேசருக்குக் கொடுத்த பணம் ஏறத்தாழ ஏழு மாதத்தில் உங்களுக்குத் திரும்பிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எஃகின் தரம் அன்று. கிங் கேம்ப் ஜில்லெட் தம்முடைய இரட்டை முனை ரேசருக்கு அமெரிக்காவில் 1904-இல் பெற்ற காப்புரிமை 1921-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு எவரும் அந்த வகை ரேசரையும் பிளேடையும் செய்யலாம் என்றாகி, இன்று இந்தியா, ரஷ்யா, ஜப்பான், ஜெர்மனி என எங்கே செய்த பிளேடும் எங்கே செய்த ரேசரிலும் பொருந்துகிறது. காட்ரிட்ஜின் கதை வேறு. அது எந்தக் கைப்பிடியில் மாட்ட வேண்டும் என்பதை அதைச் செய்த நிறுவனமே தீர்மானிக்கிறது; கைப்பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு, அதில் மாட்டக்கூடிய ஒரே பொருளுக்குத் தான் விரும்பிய விலையை வைக்கிறது. ஆகவே கைப்பிடியின் விலையைப் பார்த்து ரேசர் வாங்காதீர்கள். அதற்குப் பின் ஆண்டுதோறும் எதை வாங்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

முதல் மூன்று வாரம் பொறுமை வேண்டும். காட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கை, இதையும் அழுத்தும். ரேசரின் எடையே போதுமானது. கைப்பிடியைத் தோலிலிருந்து சுமார் முப்பது பாகைச் சாய்வில் பிடித்து, சிறு சிறு இழுப்பாக மழியுங்கள்.

கேள்வி: பிளேடு கூடினால் சவரமும் அந்த அளவுக்கு நன்றாக அமைய வேண்டுமல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மழித்தவுடன் தடவிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுத்து வெட்டுகிறது. முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் தாழ வெட்டுகிறது. எஞ்சிய முனை தோலுக்குக் கீழே போய்விடுவதால் கன்னம் வழுவழுப்பாகிறது. ஆனால் சுருள்முடி உள்ளவர்களுக்கு அந்த முனை வெளியே வரும் வழியை விட்டுத் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, கழுத்தில் சிவந்த கட்டிகளை உண்டாக்கக்கூடும். அத்துடன், ஒரே இழுப்பில் ஐந்து பிளேடுகள் ஒரே இடத்தின் மேல் உரசிச் செல்கின்றன. ஜில்லெட் நிறுவனம் 1971-இல் இரண்டு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து என்று பிளேடுகளைக் கூட்டியது. உங்கள் தாடி அந்த ஆண்டுகளில் மாறிவிடவில்லை. கழுத்தில் கட்டி வருகிறவர்கள் ஒற்றைப் பிளேடுக்கு மாறிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வாழ்நாள் முழுதும் உழைக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஓய்வுபெற்ற என் தந்தைக்காக இணையத்தில் 1,900 ரூபாய்க்கு ஒரு ரேசர் வாங்கினேன். ஐந்தாவது மாதத்தில் கைப்பிடியின் மரை, தலைப்பகுதிக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. "அதிகமாக இறுக்கிவிட்டீர்கள்" என்கிறார் விற்பனையாளர். தம்மால்தான் கெட்டது என்று தந்தை வருந்துகிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் தந்தையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தவறு அவருடையது அன்று. கையால் இறுக்கும் வேகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மரை முறியாது. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், மணல் மணலாகத் தெரிந்தால், அது துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்த்து, மேலே குரோமிய முலாம் பூசிய பொருள். பித்தளையாக இருந்திருந்தால் மஞ்சளாகத் தெரியும்.

இந்த இடத்தில் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் பல ஆண்டுகளாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கும் குறை இது. துத்தநாக வார்ப்பு தன்னளவில் மோசடிப் பொருள் அன்று. நல்ல பெயர் பெற்ற ரேசர்கள் பலவற்றின் தலைப்பகுதி அதில்தான் செய்யப்படுகிறது. முலாம் கெட்டியாக இருந்து, பயன்படுத்தியபின் கழுவி உலர்த்தி வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் முலாம் ஓரிடத்தில் விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகுந்து உலோகத்தை அரிக்கும். மெல்லிய மரைதான் முதலில் போகும். பித்தளையில் முலாம் போனாலும் உள்ளே இருக்கும் உலோகம் தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு முலாமே வேண்டாம். மூன்றுக்கும் ஆயுள் வேறு, விலையும் வேறாக இருக்க வேண்டும். அப்படியிருக்க, "முழு மெட்டல்", "ஹெவி மெட்டல் பாடி" என்று மட்டும் எழுதி, எந்த உலோகம் என்பதை மறைக்கிறார்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். கையில் கனமாக இருந்தது என்பதற்காக நம்பினேன்; எட்டு மாதத்தில் முலாம் செதில் செதிலாக உரிந்தது. "குளியலறை ஈரத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று பதில் வந்தது. குளியலறையில் அன்றி வேறெங்கே ரேசரை வைப்பார்கள்? அன்று நான் போராடாமல் விட்டது தவறு. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரு உலோகம், வந்தது வேறொன்று என்றால், அது தவறான விளம்பரம். விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் முறிந்த பாகத்தின் படத்தையும் சேமித்துக்கொண்டு, விற்பனையாளருக்கும் அந்த இணைய அங்காடியின் குறைதீர் அலுவலருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: தள்ளுபடியில் கிடைத்ததால் ஒரே வகையில் நூறு பிளேடு வாங்கினேன். மிகக் கூர்மையாக இருப்பதால் தினமும் முகம் வெட்டுப்படுகிறது. பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. பிரித்த பிளேடை அவர்கள் வேறு யாருக்கு விற்பார்கள்? ஒரு முகத்துக்கு ஒத்துவரும் பிளேடு இன்னொரு முகத்துக்கு ஒத்துவராது என்பதால், நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பார்த்தபின்தான் மொத்தமாக வாங்க வேண்டும். தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்தவுடன் நீங்கள் அதைச் செய்யவில்லை. தினமும் வெட்டுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பிளேடைவிட உங்கள் கையின் அழுத்தத்தின் மேல்தான் எனக்கு ஐயம் எழுகிறது.

கேள்வி: எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர். கைப்பிடியைத் திருகினால் தலை இரு கதவுபோலத் திறக்கும் ரேசர் வாங்கலாமா, மூன்று பாகமாகக் கழற்றும் ரேசர் வாங்கலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: மூன்று பாகமாகக் கழற்றுவதையே வாங்குங்கள். கதவு வகையை நான் ஒருமுறை வாங்கி, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஓராண்டு பயன்படுத்தினேன். உள்ளே இருக்கும் திருகிலும் கீலிலும் உப்புப் படிந்து, ஒரு கதவு முழுதாக மூடாமல் நின்றது; பிளேடு ஒரு பக்கம் தூக்கி நின்றதால் தாடையில் ஆழமான வெட்டு விழுந்தது. மூன்று பாக ரேசரில் உப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை. மாதம் ஒருமுறை வினிகர் கலந்த வெந்நீரில் சில நிமிடம் மட்டும் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். உப்புத் தண்ணீரில் நுரை எழுவதற்குச் சோப்பு கூடுதலாகத் தேவைப்படும்.

கேள்வி: கணவருக்குப் பரிசளிக்கத் தங்க முலாம் பூசிய ரேசர் வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். நாள்தோறும் நீரும் சோப்பும் படும் பொருளில் அது தேய்ந்துபோகும்.

கேள்வி: விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள். சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். அப்படிப் பெட்டி இல்லையென்றால் போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறேன். சரிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. காகிதம் நனைந்து கிழிந்தபின், அந்தப் பிளேடு குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய் நிற்கும். கையுறை இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறவர்களை நீங்களும் தெருவில் பார்த்திருப்பீர்கள். மூடி இறுக்கமாக உள்ள ஒரு சிறு தகர டப்பாவை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, குளியலறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஐம்பது பிளேடு போட்டாலும் அது நிறைவதற்குப் பல ஆண்டுகளாகும். நிறைந்தபின் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே "பிளேடு" என்று பெரிதாக எழுதி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் உள்ளே இருப்பது என்ன என்று வாயாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.