‘நீங்க மட்டும் ஒழுங்கா?’ என்று வாய் முந்தும்போது

கேள்வி: ‘கேஸ் புக் பண்ணியாச்சா?’ என்று கணவர் சாதாரணமாகக் கேட்டாலும், ‘எல்லாத்தையும் நானேதான் ஞாபகம் வெச்சுக்கணுமா?’ என்று சீறிவிடுகிறேன். அப்புறம் வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் வாயைக் கட்ட வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: வாயைக் கட்டுவதைவிட முதல் வாக்கியத்தை மாற்றுவது எளிது. அவர் கேட்டது கேஸ் பற்றி. உங்கள் காதில் விழுந்ததோ ‘உனக்குப் பொறுப்பில்லை’ என்று. சொல்லப்படாத அந்தக் குற்றச்சாட்டுக்குத்தான் பதில் கொடுக்கிறீர்கள். இதுதான் தற்காப்புப் பேச்சு.

அதன் அறிகுறிகளை முதலில் உடம்பில் தேடுங்கள்: தாடை இறுகும், முகம் சூடாகும், அவர் பேசி முடிக்குமுன் ‘இல்ல, அது வந்து...’ என்று தொடங்குவீர்கள். பழைய கணக்கை எடுப்பதும் இதே வகைதான். ‘ஆமா, எல்லாம் என் தப்புதான்’ என்று அழுவதையும் இதில் சேர்க்க வேண்டும். பணிவு போலத் தெரிந்தாலும் அதற்குமேல் யாரும் எதுவும் பேச முடியாமல் செய்துவிடும்.

தம்பதியரின் பேச்சைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உறவைக் கெடுக்கும் நான்கு பழக்கங்களில் இந்தத் தற்காப்புப் பேச்சையும் ஒன்றாகச் சொல்கிறார். குறைகூறல், இளக்காரம், பேசாமல் முகம் திருப்பிக்கொள்வது ஆகியவை மற்ற மூன்று. தற்காப்புக்கு அவர் தரும் மாற்று, நம் பங்கு எவ்வளவு சிறிதானாலும் அதை ஏற்றுக்கொள்வது.

உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கும்: ‘இல்லைங்க, மறந்துட்டேன். இப்பவே பண்ணிடறேன்.’ அவ்வளவுதான். பின்னால் ‘ஆனா’ வந்தால் ஏற்றுக்கொண்டதெல்லாம் வீண். காரணத்தை அவர் கேட்டால் சொல்லுங்கள். வீட்டுவேலை முழுக்க உங்கள் தலையில் விழுகிறது என்பது உண்மையானால் அதை விழுங்க வேண்டாம். அன்றிரவோ ஞாயிற்றுக்கிழமையோ தனியாக எடுத்துப் பேசுங்கள். கேஸோடு சேர்த்துச் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

நெஞ்சு படபடத்து, நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எந்த வாக்கியமும் உதவாது. ‘20 நிமிஷம் கழிச்சுப் பேசலாம்’ என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்து செல்லுங்கள். உடம்பு தணிய அவ்வளவாவது வேண்டும். நேரம் சொல்லாமல் போனால் முறைத்துக்கொண்டு போனதாகிவிடும். அந்த 20 நிமிடமும் பதிலடியை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் படபடப்பு இறங்காது. துணி மடியுங்கள், மாடியில் நடங்கள்.

கேள்வி: செய்யாத தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டுமா? அலுவலகத்தில் மேலாளர் ‘உங்க ரிப்போர்ட்ல எப்பவும் தப்பு’ என்கிறார்.
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ‘எப்பவும்’ என்ற சொல்லோடு மல்லுக்கு நிற்காமல், ‘எந்தப் பக்கம் சார்? பார்த்துச் சரி பண்றேன்’ என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் தவறு இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் ‘இந்த எண்ணிக்கை போன மாசத்து ஸ்டாக் பதிவேட்டில இருக்கு சார்’ என்று ஒரே வரியில் ஆதாரத்தைக் காட்டுங்கள். மூன்று வரி விளக்கம் கொடுத்தால், சரியான பதிலும் சமாளிப்பாகவே தோன்றும்.