முதலில் கறி, அப்புறம் சோறு

கேள்வி: எனக்கு 56 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். டாக்டர் சொன்னதால் நான்கு மாதமாக வாரம் ஒரு செமாகுளூடைட் ஊசியும் போட்டுக்கொள்கிறேன். 84 கிலோ இருந்த எடை 75-க்கு வந்துவிட்டது. ஆனால் பசியே இல்லை. காலையில் ஓர் இடியாப்பம், தேங்காய்ப்பால். மத்தியானம் நாலு வாய் குழம்புச் சோறு. இரவு அரை டம்ளர் பால். அதற்கு மேல் இறங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது. அடுத்த மாதம் அண்ணன் மகன் கல்யாணம். பந்தியில் வற்புறுத்துவார்களே, என்ன செய்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, சாப்பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த மாத்திரை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நாலு வாய்ச் சோற்றோடு அதைப் போட்டால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கால் நடுங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய், நீங்கள் சாப்பிடும் அளவை அப்படியே சொல்லி, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசியின் அளவையும் மாதாமாதம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இவ்வளவு குறைவாகச் சாப்பிடும்போது அதே அளவில் நிறுத்தி வைப்பதா, ஒரு படி இறக்குவதா என்று அவர் முடிவு செய்வார்.

சரி, இனி சாப்பாடு. இந்த ஊசி மூளைக்குப் போதும் என்று சொல்கிறது, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. உங்கள் வயிற்றில் இப்போது இருக்கும் இடம் ஒரு கைப்பிடிதான். அந்த இடத்தை இடியாப்பமும் சோறும் பிடித்துக்கொள்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளையையும் கூட்டிப் பார்த்தேன். புரதம் 20 கிராம்கூடத் தேறாது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 70 கிராமாவது வேண்டும். அது கிடைக்காமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். முடி கொட்டுவதும் வேகமாக எடை குறைந்ததால்தான் இருக்கும். போதுமான புரதமும் இரும்புச்சத்தும் கிடைத்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். சர்க்கரை உள்ளவர் என்பதால், புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்துவிடலாம்.

நம் பக்கத்துச் சமையலை விட்டுவிட்டு ஓட்ஸுக்கும் சாலட்டுக்கும் போக வேண்டியதில்லை. சாப்பிடும் வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். மத்தியானம் தட்டில் முதலில் கோழிப் பெரட்டலோ மீனோ, உள்ளங்கை அளவு. மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டுத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே ஏறக்குறைய 20 கிராம் வந்துவிடும். பிறகு கீரையோ கூட்டோ. இடம் மிச்சமிருந்தால் கெட்டிப் பருப்பு பிசைந்த சோறு, இரண்டு பிடி. சோறு மிஞ்சினால் மிஞ்சட்டும், கறி மிஞ்சக் கூடாது. மெல்லவே சலிப்பாக இருக்கும் நாளில் சுறாப்புட்டு இருக்கிறதே, அதைவிடச் சுலபமாக இறங்குவது எது? காலையில் இரண்டு முட்டை 12 கிராம். இடியாப்பம் ஆசைக்கு அரை. தேங்காய்ப்பாலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கொழுப்பு வயிற்றில் வெகுநேரம் தங்கும், உங்களுக்கு இப்போது ஏற்கெனவே எல்லாமே தங்குகிறது. அழுகின முட்டை வாடையில் ஏப்பம் வருவதும் குமட்டுவதும் பெரும்பாலும் சீயம், வெள்ளைப் பணியாரம் போல எண்ணெயில் பொரித்தது சாப்பிட்ட நாளில்தான்.

நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன் கரைத்த மோர். இரவு வெறும் பாலோடு நிறுத்தாமல், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் அரைக் கிண்ணமும் பாசிப்பருப்பு அடை ஒன்றும். ஊசி போட்ட மறுநாள், அதற்கு அடுத்த நாள் வயிறு மந்தமாக இருந்தால் குழைந்த பருப்புச் சோறும் ரசமும் போதும், மற்ற நாட்களில் ஈடுகட்டிக்கொள்ளலாம். பசியைப் போலத் தாகமும் மறந்துபோகும். வேளைகளுக்கு நடுவே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மலச்சிக்கலுக்கும் அதுதான் முதல் மருந்து, வாழைத்தண்டும் கொய்யாவும் அதற்கு அடுத்து.

வளவைச் சுற்றி நடப்பது நல்லது. ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள், காலையும் மாலையும். சர்க்கரை தாழ்வது சரியான பிறகு தொடங்குங்கள்.

விடாமல் வாந்தி, தண்ணீர்கூடத் தங்காத நிலை, முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கல்யாணப் பந்திக்கு வருவோம். சைவச் சாப்பாடு என்பதால் வீட்டிலேயே ஒரு முட்டையோ ஒரு டம்ளர் மோரோ முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பரிமாறுகிறவர்களில் உங்களுக்குத் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால், பருப்பும் கூட்டும் முதலில் வரும், சோறு ஒரு கரண்டியோடு நிற்கும். இலையில் விழுந்த பிறகு மறுப்பதுதான் கஷ்டம். கரண்டி வரும்போதே கையைக் குறுக்கே வைத்துவிடுங்கள். கவுனி அரிசி இனிப்பை விட்டுவிட வேண்டாம், ஒரு ஸ்பூன் வாங்கி மெதுவாகச் சாப்பிடுங்கள். வற்புறுத்துகிறவர்களிடம், "டாக்டர் வைத்தியம் நடக்கிறது, கொஞ்சமாகத்தான் சாப்பிடணும்" என்றால் போதும். அண்ணியிடம் மட்டும் முந்தின நாளே விவரமாகச் சொல்லிவிடுங்கள், மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார்.